டியூப் வழிச் சாப்பாடு: தண்ணீரைக் கூட்டாதீர்கள்

  விழுங்க முடியாத பிள்ளைக்கு வயிற்றில் டியூப் வைத்ததும் வீட்டார் நினைப்பது கஞ்சியைத்தான். 

வீட்டுச் சாப்பாட்டை மிக்ஸியில் அடித்து டியூபில் கொடுப்பது தவறில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டியில் இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் ஓயாமல் குமட்டிய 33 குழந்தைகளுக்கு இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கும் மேல் குமட்டல் முக்கால்வாசி அடங்கியதாக 2011-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது.

சிக்கல் கெட்டித்தன்மையில் இருக்கிறது. 14 பிரெஞ்ச் அளவுள்ள டியூபின் வெளிவிட்டமே 4.7 மில்லிமீட்டர்தான், உள்துளை இன்னும் குறுகல். பருப்புத் தோலும் தக்காளி விதையும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். சிரிஞ்சில் சரசரவென்று இறங்குகிறது, வயிறும் நிறைகிறது. எடை மட்டும் ஏறுவதில்லை. டியூப் அடைப்பதைவிட நான் அஞ்சுவது இந்தத் தண்ணீருக்குத்தான்.

முளைகட்டிய கேழ்வரகு மாவு இதற்குக் கைகொடுக்கும். முளைக்கும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. வெந்த கூழை இறக்கிச் சற்று ஆறவிட்டு, இந்த மாவைச் சிறிது கலந்தால், தண்ணீர் சேர்க்காமலே சில நிமிடத்தில் இளகும். சத்து குறையாது. பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழு 1980-களிலேயே குழந்தை உணவுக்கு இதைப் பரிந்துரைத்தது. இளகியதும் மறுபடி கொதிக்கவைத்து, பருப்பு, காய், முட்டை எல்லாம் வேகவைத்துச் சேர்த்து அடித்து, வடிகட்ட வேண்டும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் 40 கலோரி கூட்டும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், சிறுகுடலில் டியூப் உள்ள குழந்தைக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த குழந்தைக்கும் இந்த அடித்த உணவு வேண்டாம். மூக்கு வழி மெல்லிய டியூபுக்கும் ஒத்துவராது. அடித்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஒரு நாள்தான் கணக்கு. கொடுக்கும் முன்னும் பின்னும் டியூபைத் தண்ணீர்விட்டு அலசுங்கள். மருந்தை உணவில் கலக்காதீர்கள்.

தொடங்கும் முன் மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் கேளுங்கள். எத்தனை மில்லி, எத்தனை கலோரி என்று எழுதி வாங்குங்கள். மாதாமாதம் பிள்ளையை எடை போடுங்கள்.