காவலே பகையானால்

ஊரைக் காக்க நியமித்த சேவகன் கள்வனை விட்டுவிட்டு, தான் காக்க வேண்டிய வீடுகளின் கதவையே உடைத்துப் புகுந்தால் அந்த ஊர் என்ன கதியாகும்? அடக்குமுறையை அநுபவித்தறிந்த நம் தேசத்தாருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மனித தேகத்திலும் இவ்வித அநியாயம் நடப்பதுண்டு. வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்ப்பதற்காக இயற்கை அளித்துள்ள வெள்ளணுக்கள், தன்னது எது அந்நியம் எது என்ற பேதத்தை மறந்துவிடுகின்றன. தோலென்றும் மூட்டென்றும் சிறுநீரகமென்றும் மூளையென்றும் பாராமல், சொந்த தேகத்தையே தாக்கத் தொடங்குகின்றன. இந்த வியாதிக்கு 'ஸிஸ்டமிக் லூபஸ்' என்று பெயர். தேகம் முழுவதையும் பற்றும் லூபஸ் என்பது அதன் பொருள். லூபஸ் என்றால் லத்தீன் பாஷையில் ஓநாய். முகத்தை அரிக்கும் புண்களைக் கண்ட பழங்காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள், ஓநாய் கடித்தாற்போல் இருக்கிறதே என்று அப்பெயரை வைத்துவிட்டார்கள்.

அரசியல் பேசும் இந்தப் பத்தியில் வைத்தியத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். 2021-ம் வருஷம் முதல் இந்த வியாதியைப் பற்றி வெளிவந்துள்ள ஆராய்ச்சிகள், அதற்கு முந்திய ஐம்பது வருஷங்களில் வந்தவற்றைவிட அதிக நம்பிக்கை தருகின்றன. ஆனால் ஆராய்ச்சிசாலையில் கண்ட மருந்து நோயாளியின் கைக்கு வந்து சேருவது வைத்தியர்களின் திறமையை மாத்திரம் பொறுத்ததன்று. சர்க்காரும் வியாபாரமும், மேடையில் நின்று பேசுகிறவர்களின் நாவும்கூட அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. 2020-ல் நடந்ததைப் பின்னால் சொல்லும்போது இது விளங்கும்.

முதலில் நோயாளியின் நிலையைப் பார்ப்போம். லூபஸ் கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஸ்திரீகள். அதிலும் பதினைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரே அதிகம். தூங்கி எழுந்தும் தீராத களைப்பு. விரல் மூட்டுகளில் காலை வேளையில் வலி. காரணம் தெரியாத காய்ச்சல். கைப்பிடியோடு வரும் தலைமயிர். வெயிலில் போய் வந்தால் மூக்கின் இருபுறமும் கன்னங்களில் பட்டாம்பூச்சி இறகு விரித்தாற்போன்ற சிவப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தோன்றும். நமது கறுத்த மேனியில் அந்தச் சிவப்பும் சிவப்பாகத் தெரியாமல் கருமையாகப் படர்ந்து, வெயில் பட்ட கறுப்பு என்றே போய்விடும். வீட்டு வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்று புக்ககத்தார் சொல்லுவார்கள். மனக்கவலைதான் காரணம் என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுக்கும் வைத்தியரும் உண்டு. இப்படி வருஷக்கணக்கில் காலம் கழிகிறது. அதற்குள் வியாதி சத்தமில்லாமல் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும். லூபஸ் கண்டவர்களில் பத்தில் நாலு பேர் வரையில் இந்தக் கதிக்கு ஆளாகிறார்கள். சிறுநீரகம் கெடும்போது வலி இராது என்பதே இதிலுள்ள பெரிய அபாயம்.

பிள்ளைப்பேற்றைப் பற்றிய பயம் வேறு. லூபஸ் உள்ள பெண் கருத்தரிக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் வைத்தியர்கள் கண்டிப்பாகச் சொல்லி வந்தார்கள். இன்று அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்து, தக்க மேற்பார்வையும் கிடைத்தால் பெரும்பாலோர் சுகமாகப் பிரசவிக்கிறார்கள். இந்தச் செய்தி நம் குடும்பங்களை இன்னும் எட்டவில்லை. வியாதியின் பெயரைக் கேட்டவுடன் கல்யாணத்தை நிறுத்துவதும், கல்யாணமானவளைப் பிறந்தகத்துக்கு அனுப்புவதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. தொற்றாத நோய்க்குத் தொற்றுநோயின் தண்டனை!

வியாதியின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1851-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர் கசனாவ் இதற்கு இப்போதைய பெயரைக் கொடுத்தார். தோலோடு நிற்காமல் உள்ளுறுப்புகளையும் இது தாக்கும் என்று 1872-ல் வியன்னாவின் கபோஸி எழுதினார். 1948-ல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் ஹார்கிரேவ்ஸ் என்பவர், நோயாளிகளின் மஜ்ஜையில் ஓர் அணு மற்றோர் அணுவின் கருவை விழுங்கியிருப்பதைப் பூதக்கண்ணாடியில் கண்டார். சிறிது காலத்தில் கார்ட்டிஸோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தும் உபயோகத்துக்கு வந்தது. அப்படியிருந்தும் 1955-ல் எடுத்த கணக்கின்படி, நோய் இன்னதென்று தெரிந்து நாலு வருஷத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர்தான்.

அந்தக் காலத்து நோயாளிகளில் ஒருவர் அமெரிக்க நாவலாசிரியை பிளானரி ஓகானர். அவருடைய தகப்பனார் 1941-ல் இதே வியாதியால் இறந்தார். மகளுக்கு இருபத்தைந்தாம் வயதில் கண்டது. உண்மையைத் தாயார் மறைத்து, வெறும் மூட்டுவாதம் என்று சொல்லிவைத்தார். 1952-ல் ஒரு சிநேகிதி வாயிலாகத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு பண்ணையில் தாயாரோடு இருந்து, மயில் வளர்த்துக்கொண்டு, காலை வேளையில் தேகம் இடம் கொடுத்த சில மணி நேரம் மாத்திரம் எழுதினார். உயிரைக் காத்த ஸ்டீராய்டு சிகிச்சையே இடுப்பெலும்பைக் கெடுத்தது. ஊன்றுகோல்களின் துணையில்தான் நடந்தார். 1964-ல் முப்பத்தொன்பதாம் வயதில் இறந்தார். ஸ்டீராய்டு செய்யும் உபகாரத்தையும் அபகாரத்தையும் இவருடைய வாழ்க்கை ஒருங்கே காட்டுகிறது. முகம் வீங்கி உருமாறுவது, எலும்பு நொய்வது, நீரிழிவு, கிருமிகளுக்கு எளிதில் இடம் கொடுப்பது ஆகிய யாவும் அம்மருந்தை அதிக அளவில் நெடுநாள் உட்கொள்வதால் வருபவை. ஐரோப்பிய மூட்டுநோய் வைத்தியர் சங்கம் 2023-ல் வெளியிட்ட யோசனைகளில், தினமும் ஐந்து மில்லிகிராமுக்கு மேல் போகாமல் ஸ்டீராய்டைக் குறைத்து, கூடுமானால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பல ஊர்களில் அதைப் போல் பல மடங்கு கொடுத்து வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

அதே சங்கம், தடை ஏதும் இல்லாத லூபஸ் நோயாளிகள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் மருந்து ஒன்று இருக்கிறது. அது புதிய மருந்தன்று. ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் என்னும் மலேரியா மாத்திரை. 1894-லேயே லண்டனில் பெய்ன் என்ற வைத்தியர் லூபஸுக்குக் குவினைன் கொடுத்துப் பார்த்தார். நம் நீலகிரியில் நடுவட்டத்தில் சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுத்தார்களே, அதே குவினைன்தான். பிறகு ஆராய்ச்சிசாலையில் செய்த மலேரியா மருந்துகள் வந்தன. 1955-ல் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் அமெரிக்காவில் அநுமதி பெற்றது. இந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த நோயாளிகளில் சிலருக்கு அதை நிறுத்திப் பார்த்த கானடா தேசத்துப் பரிசோதனையொன்று 1991-ல் வெளிவந்தது. நிறுத்தியவர்களுக்கு நோய் மறுபடி கிளம்புவது இரண்டரை மடங்கு அதிகமாயிருந்தது. விலையோ சில ரூபாய்தான். அளவை மீறாமலும், கண்ணை உரிய காலத்தில் பரிசோதித்தும் வந்தால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை.

2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இந்த ஏழை மாத்திரைக்குத் திடீரென்று ராஜயோகம் வந்தது. கோவிட் தொற்றுக்கு இது கைகண்ட மருந்தாகலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் பகிரங்கமாகப் புகழ்ந்தார். போதிய ஆதாரம் அப்போது இல்லை. ஆயினும் வசதியுள்ளவர்கள் கடைகளில் இருந்ததையெல்லாம் வாங்கிப் பதுக்கினார்கள். மாத முடிவுக்குள் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதைத் தட்டுப்பாட்டு ஜாபிதாவில் சேர்க்க நேர்ந்தது. இந்த மருந்தைப் பெருமளவில் செய்து உலகத்துக்கு அனுப்பும் நம் தேசமும் மார்ச்சு 25-ந் தேதி ஏற்றுமதிக்குத் தடை போட்டு, ஏப்ரலில் நெருக்கடியின்பேரில் அதைத் தளர்த்தியது. உள்ளூரிலும் லூபஸ் நோயாளிகள் பழைய மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தார்கள். ஜூன் மாதத்தில் பிரிட்டனில் நடந்த பெரிய பரிசோதனை, வைத்தியசாலைகளில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு இம்மருந்தால் பயனில்லை என்று காட்டிவிட்டது. யாருக்குப் பயனில்லையோ அவர்கள் வீட்டு அலமாரிகளில் மருந்து நிறைந்து கிடந்தது. மேடையில் நின்று பேசுகிற நாமெல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய சம்பவம் இது.

இனிப் புதிய ஆராய்ச்சிக்கு வருவோம். ஸ்திரீகளை மாத்திரம் இந்த நோய் ஏன் தேடிப் பிடிக்கிறது என்பது நெடுநாளைய புதிர். ஸ்பெயின் தேசத்துச் சிறுமி ஒருத்திக்கு ஏழு வயதிலேயே லூபஸ் கண்டது. அவளுடைய மரபணுக்களை ஆராய்ந்ததில், டி.எல்.ஆர்.7 என்னும் ஒரே மரபணுவில் இருந்த ஒரு சிறு மாற்றமே காரணம் என்று தெரிந்து, 2022-ல் பிரசுரமாயிற்று. கிருமிகள் உள்ளே புகுந்தால் எச்சரிக்கை மணி அடிப்பது இந்த மரபணுவின் வேலை. அவளிடத்தில் அந்த மணி தேகத்தின் சொந்தப் பொருளைக் கண்டும் ஓயாமல் அடித்தது. இதற்கு இருப்பிடமோ எக்ஸ் குரோமோசோம். அது ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு இரண்டு. பெண்களின் அணுக்களில் இரண்டில் ஒன்று சாதாரணமாக வாய் மூடி இருக்கும். ஆனால் இந்த மரபணு சில அணுக்களில் அந்தக் கட்டுக்கு அடங்குவதில்லை. இரண்டு எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வருவது மற்ற ஆண்களைவிடப் பதினாலு மடங்கு அதிகம் என்று 2008-ல் கண்டிருந்தார்கள். அதற்கும் இது பொருந்தி வருகிறது. 2024-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார், அந்த இரண்டாவது குரோமோசோமின் வாயை அடைக்கும் பொருளே எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடக் கூடும் என்று எலிகளில் காட்டினார்கள். சோம்பல், மனக்கவலை என்று தூற்றப்பட்ட பெண்களுக்கு இவை வெறும் சாஸ்திர விஷயங்கள் அல்ல.

எல்லாவற்றிலும் அதிசயமானது ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து வைத்தியசாலையில் நடந்தது. எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் கொண்ட இருபது வயதுப் பெண் ஒருத்தியின் ரத்தத்திலிருந்து டி அணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். கெட்ட எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி அணுக்களை இனம் கண்டு அழிக்கும்படி அவற்றின் மரபணுவை மாற்றினார்கள். பல்கிப் பெருகச் செய்து மீண்டும் அவள் ரத்தத்திலேயே செலுத்தினார்கள். ரத்தப் புற்றுநோய்க்கென்று ஏற்பட்ட 'கார்-டி' சிகிச்சையே இது. கலகம் செய்த படையைக் கலைத்துவிட்டுப் புதுப்படை திரட்டுவது போன்ற காரியம் என்று சொல்லலாம். நோய் அடங்கிய செய்தி 2021-ல் வெளிவந்தது. 2022-ல் ஐந்து நோயாளிகளின் விவரம் வந்தது. அழிந்த பி அணுக்கள் சுமார் நூறு நாளில் திரும்பி வந்தும், பழைய விரோதத்தை மறந்தே வந்தன. 2024-ல் லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேரின் வரலாறு வெளியாயிற்று. எட்டுப் பேருக்கும் நோய் தணிந்து, ஸ்டீராய்டு உட்பட எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

எட்டுப் பேர்தான் என்பதை மறக்கலாகாது. புது அணுக்களைச் செலுத்துமுன் கடுமையான மருந்துகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இச்சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகளில் மிகச் சிலருக்கு வேறு ரத்தப் புற்றுநோய் கண்டதால், 2024-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. பெரிய பரிசோதனைகள் நடந்து வருகின்றன. அவை முடியுமுன் பூரண குணம் என்று பறையடிப்பது 2020-ல் நடந்த தவற்றையே மறுபடி செய்வதாகும். இதற்கிடையில் 2011-ல் பெலிமுமாப், 2021-ல் வோக்ளோஸ்போரின், அனிஃப்ரோலுமாப் ஆகிய மருந்துகள் அமெரிக்காவில் அநுமதி பெற்றிருக்கின்றன. ஓரளவு பயன் தருபவை, விலையோ சாமானியர்களுக்கு எட்டாதது. அந்தத் தேசத்திலேயே லூபஸ் அதிகமாகவும் கொடுமையாகவும் பிடிப்பது நீக்ரோ வம்சத்து ஸ்திரீகளை. மருந்துப் பரிசோதனைகளில் சேர்க்கப்படுபவர்களிலோ அவர்கள் தொகை மிகக் குறைவு.

நம் தேசத்தில் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா புற்றுநோய் வைத்தியசாலையும் சேர்ந்து உண்டாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அநுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குதான் அதற்குச் செலவு என்றாலும், லட்சக்கணக்கான ரூபாய் ஆகிறது. அநுமதியும் ரத்தப் புற்றுநோய்க்குத்தான். செய்யும் திறமை நம்மிடம் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி. லூபஸுக்கு அது வரும்போது சர்க்கார் வைத்தியசாலையிலும் வருமா என்பதைச் சட்டசபை அங்கத்தினர்கள் இப்போதே கேட்டு வைக்கலாம்.

அதுவரையில் கேட்க வேண்டியவை சிறியவை. ஜில்லா வைத்தியசாலைகளில் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் ஒரு மாதமும் தட்டாமல் இருக்க வேண்டும். மூட்டுவலியும் காய்ச்சலும் ஓயாத களைப்பும் சேர்ந்து வரும் இளம்பெண்ணை டானிக்கோடு திருப்பி அனுப்பாமல், லூபஸுக்குரிய ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நோய் என்று தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு முறை வரும்போதும் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்; அதற்கு ஒரு காகிதச் சில்லும் இரண்டு நிமிஷ நேரமும் போதும்.