ஒரே சொல், இரு விடை: ஜியோகேச்சிங் புதிர்களில் தமிழும் மலையாளமும்

பாலக்காடு: செயற்கைக்கோள் வழிகாட்டியின் துணையுடன் மறைத்து வைக்கப்பட்ட பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஜியோகேச்சிங். இதில் பெட்டி இருக்கும் இடம் நேரடியாகச் சொல்லப்படாமல் சொற்புதிராகத் தரப்படுவதும் உண்டு. புதிரில் ஒளிந்துள்ள சொல்லை எண்ணாக மாற்றினால்தான் செல்ல வேண்டிய இடம் புலப்படும்.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய பகுதிகள் இத்தகைய புதிர்களுக்கு ஏற்ற களமாகும். தமிழும் மலையாளமும் அருகருகே புழங்கும் இங்கு, ஒரே சொல்லுக்கு இரு பொருள் அமைகிறது. ஒரே எழுத்துக்கு இரு எண்மதிப்பு கிடைக்கிறது. புதிருக்குச் சுவை சேர்ப்பதும் இதுவே. தேடுவோரைத் தவறான இடத்துக்கு, சில வேளைகளில் அனுமதியில்லாத வனத்துக்கு, இட்டுச் செல்லக்கூடியதும் இதுவே.

விளையாட்டு தோன்றிய விதம்:

ஜிபிஎஸ் சமிக்ஞைகளின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்து வழங்கும் முறையை அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கைவிட்டது. மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாகாணத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை இணையத்தில் வெளியிட்டார். ஜியோகேச்சிங் அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

பெட்டிகளில் பல வகை உண்டு. அவற்றுள் ‘மர்மப் பெட்டி’ எனப்படும் வகையில், வரைபடத்தில் காட்டப்படும் புள்ளி உண்மையான இடமன்று. உடன் தரப்படும் புதிரை விடுவித்தால்தான் சரியான அளவுகள் கிடைக்கும். இந்த விளையாட்டின் முதன்மைத் தளத்தின் விதிப்படி, வரைபடப் புள்ளிக்கும் உண்மையான இடத்துக்கும் இடையிலான தொலைவு பொதுவாக 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஓர் எண் பிழைத்தால்:

ஜியோகேச்சிங்கில் இடம் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற வரிசையில் குறிக்கப்படுகிறது. வடக்கு-தெற்குத் திசையில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினால் இடம் 2 மீட்டருக்கும் குறைவாகவே நகரும். நிமிட எண்ணில் ஒன்று கூடினால் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். சமவெளியில் இது வீண் அலைச்சலோடு முடியும். மலைப்பகுதியில் அதே தொலைவுக்குள் தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கலாம். ஒரு மாநிலம் முடிந்து மற்றொன்று தொடங்கலாம்.

கேரளம் தந்த கடபயாதி:

சொல்லுக்குள் எண்ணை மறைக்கும் கலை இப்பகுதிக்குப் புதிதன்று. மலையாளத்தில் ‘பரல்பேரு’ என்றும் வழங்கும் கடபயாதி முறையை 7ஆம் நூற்றாண்டிலேயே கேரள வானியல் அறிஞர் ஹரிதத்தர் கையாண்டுள்ளார். மேல்பத்தூர் நாராயண பட்டதிரி இயற்றிய நாராயணீயத்தின் நிறைவுச் சொல்லை இம்முறையில் எண்ணாக்கினால் 17,12,210 என்ற கலியுக நாள் கிடைக்கிறது. நூல் நிறைவுற்ற 1586ஆம் ஆண்டின் நாளை அது குறிக்கிறது.

இம்முறையில் க, ட, ப, ய ஆகிய நான்கும் 1 என்ற மதிப்பில் தொடங்குகின்றன. பெயர்க் காரணமும் அதுவே. அடுத்தடுத்த மெய்யொலிகள் 2, 3 என வளர்கின்றன. ஞ, ந ஆகியவற்றுக்கும் தனித்து நிற்கும் உயிரெழுத்துகளுக்கும் மதிப்பு சுழி. உயிர் சேராத மெய்க்கு மதிப்பில்லை. கிடைக்கும் எண்களை வலமிருந்து இடமாகத் திருப்பிப் படிக்க வேண்டும்.

கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களின் பெயர்கள் இம்முறையில் அமைந்தவை. பாலக்காடு மணி ஐயர், செம்பை வைத்தியநாத பாகவதர் ஆகியோரைத் தந்த மண்ணில் இதற்கு அறிமுகம் தேவையில்லை. முதல் ராகமான கனகாங்கியில் ‘க’ 1, ‘ன’ 0. திருப்பிப் படித்தால் 01. மேசகல்யாணியில் ‘மே’ 5, ‘ச’ 6. திருப்பிப் படித்தால் 65. அந்த ராகத்தின் வரிசை எண்ணும் அதுவே.

தமிழ் எழுத்தில் நேரும் சிக்கல்:

வடமொழியிலும் மலையாளத்திலும் ‘த’ வரிசையில் நான்கு தனித்தனி எழுத்துகள் உள்ளன. கடபயாதியில் அவற்றின் மதிப்புகள் முறையே 6, 7, 8, 9. தமிழில் நான்குக்கும் ஒரே ‘த’ தான். தீரசங்கராபரணம் என்று தமிழில் எழுதும்போது, முதல் எழுத்தை அந்த வரிசையின் முதல் ஒலியாகக் கொண்டால் 6, அடுத்து ‘ர’ 2. விடை 26 என வரும். அது சாருகேசியின் எண். நான்காம் ஒலியாகக் கொண்டால்தான் 9, 2 என அமைந்து, 29 என்ற சரியான விடை கிடைக்கும்.

ராகப் பட்டியலில் இப்பிழையை உடனே திருத்திவிடலாம். நிலத்தில் அது எளிதன்று. எடுத்துக்காட்டாக, மூணாற்றை மையமாகக் கொண்ட ஒரு புதிரில், செல்வத்தைக் குறிக்கும் ‘தனம்’ என்ற சொல் அட்சரேகையின் நிமிட எண்ணாக வைக்கப்படுவதாகக் கொள்வோம். மலையாள எழுத்தைப் பின்பற்றுபவருக்கு விடை 09. தமிழ் எழுத்தை மட்டும் பார்ப்பவருக்கு விடை 06. இரண்டுக்கும் இடையே 3 நிமிடங்கள், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டர் இடைவெளி உள்ளது.

மூணாறு நகரம் வடக்கு 10 டிகிரி 5 நிமிடத்தை ஒட்டியும், ஆனமுடி சிகரம் 10 டிகிரி 10 நிமிடத்தை ஒட்டியும் அமைந்துள்ளன. எனவே ஒரு விடை நகருக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்றொன்று வரையாடுகளின் புகலிடமான இரவிகுளம் தேசியப் பூங்காவை நோக்கிச் சென்றுவிடும்.

எண்ணாகும் தமிழ் எழுத்துகள்:

தமிழுக்கும் சொந்த எண்ணெழுத்து மரபு உண்டு. க 1, உ 2, ச 4, எ 7, அ 8 என எழுத்துகளே எண்களாக நின்றன. எட்டைக் குறிக்கும் ‘அ’வையும் காலைக் குறிக்கும் ‘வ’வையும் சேர்த்து ‘அவ’ என்ற இழிசொல்லை மறைத்து வைத்த தனிப்பாடல் ஔவையார் பெயரில் வழங்குகிறது. காளமேகப் புலவரின் சிலேடைகளும் ஒரு சொல்லுக்குள் இரு பொருளை வைக்கும் இதே கலையைச் சேர்ந்தவை.

இரு மரபுகளும் ஒரே புதிரில் கலந்தால் குழப்பம் பெருகும். ‘அ’ என்பது தமிழ் எண்ணில் 8, கடபயாதியில் 0. ‘எ’ தமிழில் 7, கடபயாதியில் 0. ‘ச’ தமிழில் 4, கடபயாதியில் 6. அதையே ‘ஸ’ ஒலியாகக் கொண்டால் 7. எந்த மரபின்படி படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு சிறு குறிப்பேனும் இல்லாத புதிர், திறமையைச் சோதிப்பதில்லை, ஊகத்தையே சோதிக்கிறது.

விளையாட்டின் முதன்மைத் தளத்தில் துணைக்குறிப்புகளை மறைக்கப் பயன்படும் முறையும் இங்கு உதவாது. ரோமன் எழுத்துகள் 26-ஐயும் பதின்மூன்று இடம் நகர்த்தும் அம்முறையில் தமிழ், மலையாள எழுத்துகள் மாறாமல் அப்படியே நிற்கும். எனவே தமிழில் எழுதும் துணைக்குறிப்பு முதல் பார்வையிலேயே வெளிப்பட்டுவிடும்.

பொருள் மாறும் சொற்கள்:

எண் மட்டுமன்றிப் பொருளும் எல்லையில் மாறுகிறது. ‘வெள்ளம்’ தமிழருக்குப் பெருக்கு. மலையாளிகளுக்குக் குடிநீரும் வெள்ளமே. ‘தோடு’ தமிழில் காதணி, மலையாளத்தில் ஓடை. தமிழில் காய்ச்சலைக் குறிக்கும் ‘சுரம்’, மலையாளத்தில் மலைக் கணவாய். பாலக்காட்டுக் கணவாயை மலையாளிகள் ‘சுரம்’ என்றே அழைக்கின்றனர். போடிமெட்டு, கம்பம்மெட்டு ஆகிய பெயர்களில் மலைமேட்டைக் குறிக்கும் ‘மெட்டு’, பாடலின் இசையமைப்பையும் குறிக்கிறது.

மூணாறு என்ற பெயரே ஒரு புதிராகும். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் என்பது அதன் பொருள். ‘ஆறு’ எண்ணையும் குறிப்பதால் அதே பெயரை 3, 6 என்றும், பெருக்கி 18 என்றும் படிக்க முடியும். மறையூர், காந்தளூர் உள்ளிட்ட ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டின் பெயரிலும் ஐந்து என்ற எண்ணோடு ‘அஞ்சு’ என்ற ஏவலும் ஒலிக்கிறது.

இக்கலப்புக்கு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோதும், மொழிவாரி மறுசீரமைப்பில் அவை கேரளத்திலேயே நீடித்தன. கோடு பிரிந்தது, பெயர்கள் பிரியவில்லை.

விளையாட்டுக்கு எல்லை உண்டு:

தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு வாகனங்கள் இடுக்கியின் சூரியநெல்லி வழியாகவே செல்கின்றன. அதன் அடிவாரமான குரங்கணி மலைப்பகுதியில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்த மலைகளில் அனுமதியற்ற பாதையில் எடுத்து வைக்கும் ஓரடியும் விளையாட்டன்று என்பதற்கு அந்நிகழ்வே சான்று.

இரவிகுளம், சின்னாறு, பாம்பாடும் சோலை, பறம்பிக்குளம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதோ பொருட்களை வைப்பதோ கூடாது. அணைகள், ரயில் நிலையங்கள், சோதனைச் சாவடிகள் அருகே உரிமையாளரின்றிக் கிடக்கும் பெட்டி வெடிகுண்டு அச்சத்தை ஏற்படுத்தும். இடத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெறுதல், குழி தோண்டிப் புதைக்காமை, உணவுப் பொருள் வைக்காமை ஆகியவை விளையாட்டின் அடிப்படை விதிகளாகும். பெட்டியே இல்லாமல், நிலவியல் சிறப்புமிக்க இடத்தைப் பார்த்து வினாக்களுக்கு விடையளிக்கும் ‘எர்த்கேச்’ வகையும் உள்ளது.

சரிபார்ப்பது எப்படி?

புதிர் அமைப்பவர் எந்த மொழியின் எழுத்து, எந்த எண் மரபு, எந்தத் திசையில் படிப்பது ஆகிய மூன்றையும் விடை வெளிப்படாத வகையில் உணர்த்திவிட வேண்டும். வெளியிடும் முன், தமிழ் மட்டும் அறிந்த ஒருவரிடமும் மலையாளம் மட்டும் அறிந்த ஒருவரிடமும் கொடுத்துப் பார்ப்பது நல்லது. இருவரும் ஒரே எண்ணை அடைந்தால் புதிர் பிழையற்றது.

தேடுவோர், கிடைத்த விடை வரைபடப் புள்ளியிலிருந்து 3.2 கிலோமீட்டருக்குள் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். மேற்கண்ட ‘தனம்’ எடுத்துக்காட்டில், வரைபடப் புள்ளி மூணாறு நகரிலேயே இருந்தால், 09 என்ற விடை இந்த வரம்பைத் தாண்டிவிடும், 06 பொருந்திவிடும். விடை வரம்புக்குள் இருந்தாலும், அது வனப்பகுதியிலோ தனியார் தோட்டத்திலோ விழுகிறதா என்பதை வரைபடத்தில் உறுதிசெய்த பின்னரே புறப்பட வேண்டும். பல புதிர்களில் விடையை உள்ளிட்டுச் சரிபார்க்கும் வசதியும் தரப்படுகிறது. சொல்லில் எழும் ஐயத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்வது, மலையில் வழி தவறுவதைத் தவிர்க்கும் எளிய வழியாகும்.