தண்ணீருக்குள் வெடிக்குமா?

நனைந்த பட்டாசு புஸ்ஸாகிவிடும். கடலுக்கடியில் வெடி எப்படி வெடிக்கிறது, குட்டீஸ்?

தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் பாம்பன் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கடலடிப் பாறைகள் கப்பல்களை மறித்தன. 1828 வாக்கில், மேஜர் சிம் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பொறுப்பில், அவற்றை வெடிவைத்துத் தகர்க்க முயன்றார்கள்.

கரிமருந்தில் உள்ள வெடியுப்பே எரியத் தேவையான ஆக்சிஜனைத் தந்துவிடும். எனவே காற்று தேவையில்லை. மருந்து நனையாமல் இருந்தால் போதும்! 1867-ல் ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். கிணறு தோண்டும்போது குறுக்கிடும் பாறையை உடைப்பதும் எளிதானது.

ஆனால், சிலர் மீன் பிடிக்கவும் வெடி போட்டார்கள். அந்த அதிர்வில் மீனின் காற்றுப்பை கிழியும், குஞ்சுகளும் சாகும், பவளப்பாறைகளும் நொறுங்கும். அதனால்தான் 1897-லேயே இந்திய மீன்வளச் சட்டம் அதைத் தடை செய்தது.

பாறைக்கு வைக்கும் வெடி மீனுக்கு வேண்டாமே!