ஆகாய விமானமும் கணக்கு யந்திரமும்

சேலத்தை அடுத்த காமலாபுரத்தில் விமான நிலையம் திறக்கப்பட்டது 1993-ஆம் ஆண்டில். அன்று முதல் அந்நிலையம் விமானத்தைக் கண்ட நாட்களைக் காட்டிலும் விமானத்துக்குக் காத்திருந்த நாட்களே அதிகம். முதலில் வந்த கம்பெனியின் சேவை நீடிக்கவில்லை. 2009-இல் சென்னையிலிருந்து கிங்பிஷர் விமானம் வந்தது. அக்கம்பெனி நொடித்த காலத்தில் அதுவும் நின்றது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது. 2021-இல் அதுவும் ஓய்ந்தது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ என்னும் இரு கம்பெனிகளின் விமானங்கள் மீண்டும் வந்திறங்கின. ஒவ்வொரு முறை சேவை நின்றபோதும், சேலத்தில் விமானம் ஏறுவாரில்லை என்று சிலர் எளிதில் தீர்ப்புக் கூறிவிட்டனர். இத்தீர்ப்பை நாம் ஒப்புவதற்கில்லை. வெள்ளிக் கொலுசையும் ஜவ்வரிசியையும் தேசமெங்கும் அனுப்புகிற ஊரில், லாரியும் முட்டையும் கொண்டு பெருவியாபாரம் நடத்துகிற நாமக்கல்லுக்கு அருகில், பிரயாணம் செய்வோருக்குப் பஞ்சமில்லை. ஓர் ஆசனத்தை விற்பதற்கும் பறக்கவைப்பதற்கும் ஆகும் செலவு யாது, அதை யார் தாங்குவது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு மலிவுக் கட்டண முறையால் நம் தேசத்தில் முதலில் விடை கண்டவர் கேப்டன் கோபிநாத். ஹாஸன் ஜில்லா கொரூரைச் சேர்ந்த இவர், ராணுவத்தை விட்டு விலகி விவசாயம் செய்தவர். 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் என்ற கம்பெனியைத் தொடங்கினார். தமிழர் பலர் இவர் கதையை 2020-இல் வெளியான 'சூரரைப் போற்று' என்ற படத்தின் வாயிலாக, சினிமாவுக்கு வேண்டிய மாறுதல்களுடன், அறிந்திருக்கிறார்கள். சிற்றுண்டியை நிறுத்தியதும், ஆசனங்களை நெருக்கிப் போட்டதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த சிக்கனம். கண்ணுக்குத் தெரியாத பெருஞ்சிக்கனம் டிக்கட் விற்பனையில் இருந்தது.

பழைய முறையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். பிரயாணி ஏஜண்டிடம் போவான். ஏஜண்டுக்குத் தரகு உண்டு. ஏஜண்டு பயன்படுத்தும் அயல்நாட்டு முன்பதிவு வலைக்கு ஒவ்வொரு பதிவுக்கும் தனிக் கூலி உண்டு. அச்சிட்ட டிக்கட் பல தாள்களைக் கொண்டது. ஏறுமிடத்தில் கிழித்தெடுத்த தாள்கள் கணக்கு ஆபீஸுக்குப் போய், ஏஜண்டுகள் அனுப்பும் கணக்கோடு ஒத்துப் பார்க்கப்பட்ட பின்பே எந்தப் பயணத்தில் எவ்வளவு வரவு என்பது திட்டமாகத் தெரியும். டிக்கட் தொலைந்தாலோ அதற்கொரு மனு, அதற்கொரு விசாரணை. இத்தனை குமாஸ்தாக்களின் சம்பளமும் அந்த ஓர் ஆசனத்தின் விலையில் ஏறியிருந்தது.

அமெரிக்காவில் ஸவுத்வெஸ்ட் கம்பெனி 1995 முதலே காகிதமில்லாத டிக்கட்டுக்கு மாறியிருந்தது. ஏர் டெக்கான் அவ்வழியே சென்றது. இன்டர்நெட்டில் பணம் கட்டியவனுக்கு ஓர் எண் போதும். பிரயாணிக்கு முன்னே பணம் வந்துவிட்டது. கணக்கும் அந்நொடியே எழுதப்பட்டுவிட்டது. கிரெடிட் கார்டு இல்லாதவனுக்காக ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் கம்பெனியின் பெட்ரோல் பங்குகளிலும் டிக்கட் விற்றார்கள். நாமக்கல் லாரிக்காரருக்கு விமானக் கம்பெனியின் ஆபீஸ் தெரியாதிருக்கலாம்; பெட்ரோல் பங்கு தெரியாதிருக்குமா? காகித டிக்கட்டை உலக விமானக் கம்பெனிகளின் சங்கம் அடியோடு கைவிட்டது 2008 ஜூன் 1-ஆம் தேதிதான் என்பதை நினைத்தால், ஹுப்ளியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளம்பிய இம்முயற்சியின் துணிவு விளங்கும்.

இரண்டாவது சிக்கனம் இதனினும் நுட்பமானது. திரும்பும் வழியில் சரக்கின்றி வெறுமையாய் வரும் லாரியின் நஷ்டத்தை நாமக்கல்லில் யாரும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தின் காலி ஆசனமும் அத்தகையதே; முட்டையாவது சில நாள் தாங்கும், கதவு மூடிய பின் ஆசனத்தின் விலை பூஜ்யம். ஆகையால் முந்தி வருபவனுக்குச் சில ஆசனங்களை மலிவாகத் தந்து, நாள் நெருங்க நெருங்க விலையை ஏற்றிக்கொண்டு போகும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த வித்தையைக் கொண்டுதான் பீபிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கம்பெனியைத் திணறடித்தது. 1987-க்குள் அக்கம்பெனியின் பெயரே மறைந்தது. பெரியவர்கள் சிறியவர்களை வீழ்த்தப் பிடித்த ஆயுதத்தைப் பின்னால் மலிவுக் கம்பெனிகள் தாமே எடுத்துக்கொண்டன. இதில் ஒரு கொடுமை உண்டு. உல்லாசப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே திட்டமிடுகிறவன் குறைவாகக் கொடுக்கிறான். தகப்பனார் கவலைக்கிடமென்று செய்தி கேட்டு ஓடுகிறவன் அதிகமாகக் கொடுக்கிறான். யந்திரத்துக்கு அவசரம் தெரியும். அதன் காரணம் தெரியாது.

யந்திரத்தால் எல்லாம் ஆகிவிடும் என்று எண்ணுவதும் பிழை. ஏர் டெக்கான் ஒரு ரூபாய்க்குக்கூடச் சில ஆசனங்களை விற்றது. ஆயினும் நஷ்டம் பெருகி 2007-இல் கிங்பிஷர் முதலாளியின் பிடிக்குள் சென்றது. கிங்பிஷரும் 2012-இல் பறப்பதை நிறுத்தியது. இந்திய விமானக் கம்பெனியின் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய்க்கே போய்விடுகிறது. எந்த உயரத்தில் பறந்தால் எண்ணெய் மிஞ்சும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடலாம். எண்ணெயின் விலையையும் அதன்மேல் ஸர்க்கார் விதிக்கும் வரியையும் அது குறைக்க முடியாது. இதனால்தான் சேலம் போன்ற ஊர்களுக்கென மத்திய ஸர்க்கார் 2016-இல் 'உடான்' திட்டத்தை வகுத்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என்று பாதி ஆசனங்களுக்கு உச்ச விலை விதித்து, அதனால் விழும் பள்ளத்தை நிரப்பக் கம்பெனிக்குப் பணமும் தருகிறார்கள். இதில் ஐந்தில் ஒரு பங்கை மாகாண ஸர்க்கார் ஏற்க வேண்டும். ட்ரூஜெட் சேலம் வந்தது இத்திட்டத்தின்படியே. பொதுப் பணம் புகுந்த இடத்தில் பொதுஜனங்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் புகுந்துவிடுகிறது.

முதற்கேள்வி இது. குமாஸ்தாவின் வேலையை ஒழித்துவிட்டோம் என்கிறார்கள். ஒழியவில்லை; பிரயாணியின் தலையில் ஏறியிருக்கிறது. பெயரை அவனே எழுதுகிறான், ஆசனத்தை அவனே தேர்கிறான், ஏறும் சீட்டையும் அவனே அச்சிடுகிறான். அவ்வாறு செய்யத் தெரியாதவன் நிலையத்தில் சீட்டுக் கேட்டபோது சில கம்பெனிகள் 200 ரூபாய் வசூலித்தன. 2022 ஜூலை 21-ஆம் தேதி விமானப் போக்குவரத்து மந்திரிசபை இவ்வசூல் 1937-ஆம் ஆண்டு விதிகளுக்கு ஒவ்வாதது என்று அறிவிக்கும்படி ஆயிற்று. மறுபுறம், இன்டர்நெட்டில் தானே டிக்கட் எடுப்பவனிடம் 'வசதிக் கட்டணம்' வாங்குகிறார்கள். யாருடைய வசதி? நடந்து போய்க் கேட்டாலும் கூலி, வீட்டிலிருந்தே செய்தாலும் கூலி என்றால், மிச்சமான பணம் எங்கே போயிற்று என்று நாம் கேளாதிருப்பது எங்ஙனம்?

சிக்கனத்தை எலும்பு வரை கொண்டுபோனால் என்ன நேரும் என்பதையும் கண்டோம். 2024 ஜூலை 19-ஆம் தேதி ஓர் அமெரிக்கக் கம்பெனி அனுப்பிய பழுதான ஸாப்ட்வேரால் உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் நின்றன. நம் நிலையங்களில் இண்டிகோ சிப்பந்திகள் ஏறும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். 2025 டிசம்பரில், விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதிகளுக்குப் போதிய முன்னேற்பாடு இல்லாமையால் அதே கம்பெனி ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவர் ஒரே கம்பெனியை நம்பியிருக்கையில், அதன் வேலைமுறைப் பட்டியல் தவறினால் தேசமே நிலையத்தில் படுத்துறங்க வேண்டியதாகிறது.

நாம் கேட்பது பெரிதன்று. டிக்கட் விற்கும் கம்ப்யூட்டர் சேலத்துக்காரனோடு தமிழில் பேசட்டும். நிலையத்தில் உதவி கேட்பவனுக்குக் கட்டணமின்றி உதவி கிடைக்கட்டும். உடான் உதவி பெறும் ஒவ்வொரு பயணத்திலும் உச்ச விலைக்கு உட்பட்ட ஆசனங்கள் எத்தனை விற்றன, மற்றவை என்ன விலைக்குப் போயின என்ற கணக்கு கம்பெனியின் யந்திரத்தில் ஒரு நொடியில் கிடைக்கக் கூடியது. நாமக்கல் முட்டை விலை நாள்தோறும் பத்திரிகைகளில் வெளியாகிறது. கோழிப் பண்ணைக்காரர் அதனால் நொடித்துப் போகவில்லை. பொதுப் பணம் பெறும் விமானத்தின் ஆசன விலையையும் அவ்வாறே நாள்தோறும் வெளியிடுமாறு விமானப் போக்குவரத்து மந்திரிசபை உத்தரவிட வேண்டும். சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்க வேண்டும்.