சிலேத்தார் குளவிகள்: பிரிட்டிஷ் படைப்பிரிவுக்கு ஏன் மலாய் முழக்கவரி?

"சாராங் தெபுவான் ஜாங்கான் டிஜோலோக்."

குளவிக் கூட்டைக் குத்திக் கிளறாதே என்று அர்த்தம். மலாய் வகுப்பில் கேட்டது இல்லைங்க! பிரிட்டிஷ் விமானப்படையின் 100ஆம் படைப்பிரிவு வைத்திருந்த முழக்கவரி.

1917இல் இரவுநேரக் குண்டுவீச்சுக்காகத் தொடங்கப்பட்ட பிரிவு அது. மலாய் எப்படி வந்தது?

சிராங்கூன் சாலையில் லிட்டில் இந்தியாவைத் தாண்டி வடகிழக்கே போய்க்கொண்டே இருங்கள். அப்பர் சிராங்கூன், இயோ சூ காங் சாலை, அப்புறம் ஜாலான் காயு. ஆமாம், நீங்கள் புரோட்டா சாப்பிடப் போகும் அதே இடம். அதற்கு அப்பால்தான் சிலேத்தார் விமானத்தளம்.

அங்கே 36ஆம் படைப்பிரிவு 1930இல் வந்தது. சில ஆண்டுகளில் 100ஆம் பிரிவும் சேர்ந்துகொண்டது. எதிரிக் கப்பல்கள்மீது டார்ப்பிடோ வீசிச் சிங்கப்பூரைக் காப்பது அவற்றின் வேலை.

அதற்குக் கிடைத்த விமானம் 'வில்டபீஸ்ட்'. இரட்டை இறக்கை, துணி போர்த்திய உடல். விமானி உட்காரும் இடத்துக்குக் கூரைகூட இல்லை. வேகம் மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர். 1941 டிசம்பரில் போர் மூண்டபோதும் அதே விமானம்தான்!

1942 ஜனவரி 26. ஜொகூரின் கிழக்குக் கரையில், மெர்சிங்கிற்கு வடக்கே உள்ள எண்டாவில் ஜப்பானியப் படை தரையிறங்கியது. இரவில் மட்டுமே அனுப்ப வேண்டிய விமானங்களைப் பட்டப்பகலில் அனுப்பினார்கள்.

முதல் அலையில் 12 வில்டபீஸ்ட்கள், இரண்டாவதில் 9. துணைக்குப் போர் விமானங்கள் போயும் போதவில்லை. எதிரி விமானங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். பத்து வில்டபீஸ்ட்கள் திரும்பவே இல்லை. 100ஆம் பிரிவின் தலைவரும் மாண்டார். தரையிறக்கமும் நிற்கவில்லை.

விமானிகளின் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்த விமானத்தில் அவர்களை ஏற்றி அனுப்பிய முடிவைப் பற்றியும் பேசத்தானே வேண்டும்?

மிஞ்சிய விமானங்கள் 36ஆம் பிரிவாக இணைந்து ஜாவாவுக்குப் போயின. மார்ச் மாதத்தில் அங்கே கதை முடிந்தது.

முடிந்ததா? அதே ஆண்டு அக்டோபரில் 36ஆம் பிரிவு மறுபிறவி எடுத்தது, அதுவும் நம்ம தஞ்சாவூரில்! வெல்லிங்டன் விமானங்களோடு இந்தியாவின் கிழக்குக் கரையோரக் கடலைச் சுற்றிவந்தது.

100ஆம் பிரிவு டிசம்பரில் இங்கிலாந்தில் மீண்டும் உருவாகி, லங்காஸ்டர் விமானங்களில் ஜெர்மனிக்குப் பறந்தது. 1950இல் சிங்கப்பூருக்கும் வந்துபோனது, இம்முறை தெங்காவுக்கு. இடையிடையே கலைக்கப்பட்டாலும் 2022 வரை நீடித்தது. மலாய் முழக்கவரியும் கடைசிவரை கூடவே இருந்தது.

கிராஞ்சி போர் நினைவகத்துக்குப் போனால் அங்குள்ள சுவர்களைப் பாருங்கள். உடல் கிடைக்காத விமானப்படையினரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன.