பாமினிக்கு இன்னும் கட்டும் வட்டி

காலபோக விதைப்புக்குக் கடன் எடுத்தவரை மல்லாவியில் யாரும் குறை சொல்வதில்லை. வெட்டி முடிந்த பிறகும் அடைக்காமல் இழுத்தால்தான் பேச்சு வரும். மென்பொருள் துறையினர் ‘தொழில்நுட்பக் கடன்’ என்பதும் இப்படிப்பட்டதே. 1992இல் இந்த உவமையைக் கொண்டுவந்த வார்ட் கனிங்ஹாம், முதலில் எழுதிய நிரலை அப்படியே வெளியிடுவதைத் தடுக்கவில்லை. திருத்தி எழுதாமல் விட்டால் பிறகு செய்யும் ஒவ்வொரு வேலையிலும் வட்டி போகும் என்றுதான் எச்சரித்தார்.

இலங்கைத் தமிழருக்கு இதன் கண்கூடான சான்று பாமினி எழுத்துரு. கணினி தமிழை அறியாத காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி உருவாக்கப்பட்டது அது. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறிமுறையான யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்தாலும் விண்டோஸ் அதை ஏற்றது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். ஆகவே அன்று எடுத்த கடன் நியாயமானது. கேள்வி, இன்றும் புதிதாக எடுப்பது பற்றியது.

அச்சில் அழகாக வருகிறதே என்பார்கள். வரும். ஆனால் பயனாளிகள் பட்டியலில் ஒரு பெயரைத் தேடவோ அகரவரிசைப்படுத்தவோ பார்வையற்றவருக்குக் கணினி வாசித்துக் காட்டவோ அது உதவாது. பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. பாமினியில் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னே நிற்கும், யுனிகோடில் பின்னே. இந்த இடமாற்றத்தை மாற்றிகள் சரியாகவே செய்துவிடும். எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்பதுதான் அவற்றுக்குத் தெரியாது. எழுத்துரு விவரம் தொலைந்த கோப்பில், பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியிலுள்ள ‘வீ’ என்ற ஆங்கில எழுத்து ‘ஏ’ ஆகிவிடும். ‘எக்ஸ்’ ‘ஓ’ ஆகும். பிறகு ஆள் இருந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும். அந்த மணித்தியாலங்கள்தான் வட்டி.

ரைப் செய்பவர்களின் விரல்கள் பாமினிக்குப் பழகிவிட்டன என்ற மறுப்பு மட்டும் கனமானது. ஆனால் விசைப்பலகை வேறு, குறிமுறை வேறு. இ-கலப்பை போன்ற செயலியில் அதே பாமினி விசைகளைத் தட்டினாலும் யுனிகோடே பதிவாகும். புதிய கடனை நிறுத்த இது போதும். பழையதை ஒரேயடியாக மாற்றக் கிளம்புவது வீண்வேலை என்பது என் எண்ணம். பெயரும் இலக்கமும் உள்ள பட்டியல்களை, அடுத்து எப்போது திறக்க நேர்கிறதோ அப்போது மாற்றிச் சரிபார்க்கலாம். பத்து வருடத்துக்கு முந்திய கலியாண அழைப்பிதழ்கள் பாமினியிலேயே கிடக்கட்டும்.