டிரவுட் மீன் பிடிக்க ஆசையா? கல்வராயன் மலையில் ஒண்ணுகூட சிக்காது!

கள்ளக்குறிச்சி, பிப்.18-

மாசி பிறந்தாச்சு. கல்வராயன் மலையில் தண்ணி இறங்கிக்கிட்டே வருது. மழைக்காலத்தில் ஆளையே தூக்கி வீசின மேகம் அருவியும் பெரியார் அருவியும் இப்போ இளைச்சுப் போய் நிற்கின்றன. ஓடைகளில் அங்கங்கே மடுவில் மட்டும் தண்ணி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், கச்சிராயபாளையம் ரோட்டில் தூண்டில் கம்பைக் கட்டிக்கொண்டு பைக்கில் மலை ஏறும் இளவட்டங்களைப் பார்க்கலாம்.

இவர்களுக்கு இப்போ புதுசா ஒரு ஆசை வந்திருக்கு. எல்லாம் செல்போன் வீடியோ பண்ற வேலை. முழங்கால் தண்ணியில் நின்னுக்கிட்டு, சாட்டை மாதிரி நரம்பைச் சுழட்டிச் சுழட்டி வீசி, புள்ளி போட்ட மீனைப் பிடிக்கிறாங்களே, அந்த மாதிரி நம்ம வெள்ளிமலை ஓடையிலும் பிடிக்க முடியாதா என்கிறார்கள்.

முடியாது. வீசிப் பழகலாம், அதில் தப்பில்லை. ஆனா அந்த மீன் இங்கே கிடையாது. ஏன் கிடையாது, எங்கே கிடைக்கும், போறதுன்னா எப்போ, எப்படிப் போகணும் என்பதைப் பார்க்கலாம்.

குளிர் போதாது!

அந்த மீனுக்குப் பேரு டிரவுட். வெளிநாட்டுக்காரங்க உயிரை விடுற சால்மன் மீனுக்குச் சொந்தக்கார மீன். இதுக்குத் தண்ணி சில்லுன்னு இருக்கணும். 10 டிகிரியில் இருந்து 20 டிகிரி வரைக்கும்தான் சவுகரியம். அதுக்கு மேலே போனால் தவிக்கும். 25-ஐத் தாண்டினால் உயிர் பிழைப்பதே கஷ்டம். தண்ணி சூடாக ஆக அதில் கலந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். பாறையில் அடிச்சு, நுரைச்சு ஓடுற ஓடைதான் இதுக்குப் பிடிக்கும்.

நம்ம கல்வராயன் பெரும்பாலும் 2 ஆயிரம், 3 ஆயிரம் அடி உயரம்தான். கரியாலூரில் ராத்திரி போர்வை கேட்கும், நிஜம்தான். ஆனா சித்திரை வெயிலில் ஓடைத் தண்ணியில் காலை வெச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும். டிரவுட் அதில் நாலு நாள் தாங்காது. நீலகிரியில் அவலாஞ்சி இருப்பது 6 ஆயிரத்து 500 அடிக்கு மேலே. தமிழ்நாட்டில் இந்த மீனுக்கு அந்த உயரம்தான் சரிப்பட்டு வந்தது.

அங்கேயும் அது தானா வந்து பிறக்கவில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது. மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டராக இருந்த பிரான்சிஸ் டே என்பவர் 1863-லேயே முயற்சி பண்ணித் தோற்றுப்போனார். முட்டையைக் குளிர் குறையாமல் கப்பலில் கொண்டுவர்றதுக்குள்ளே பாதி செத்துப் போகும் காலம் அது. பல வருஷம் கழிச்சு வில்சன் என்ற நிபுணர் வந்தார். 1907-ல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட ஊர்மீன் பத்தாது, ஊர்ல விட்டுட்டு வந்த மீனே வேணும் என்று கப்பலில் முட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவர்களை என்ன சொல்ல!

ஒண்ணு மட்டும் அவர்கள் சரியாகச் செய்தார்கள். மீன் வரும் முன்பே சட்டம் வந்துவிட்டது. நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் 1879-ம் வருஷத்தது. எப்போ பிடிக்கலாம், எப்போ கூடாது, யாரிடம் சீட்டு வாங்கணும் என்று கணக்கு வெச்சிருந்தார்கள். அந்தக் கணக்குதான் இன்றைக்கும் டிரவுட் இருக்கிற எல்லா ஊரிலும் நடக்குது.

ஈ இருக்கு, புழு இல்லை

நம்ம தூண்டில் எப்படி? கம்பு, தங்கூசி நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள். முள்ளில் மண்புழு. வீசும்போது ஈயத்தோட கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். 

இந்தத் தூண்டிலில் புழுவும் இல்லை, ஈயமும் இல்லை. முள்ளின் மேலே நூலையும் இறகையும் சுத்தி ஒரு பொய் ஈ கட்டியிருப்பார்கள். அதுக்குக் கனமே கிடையாது, ஊதினால் பறக்கும். அதனால் கனத்தை நரம்பில் வெச்சுட்டார்கள். தடிச்ச, வழவழப்பான நரம்பு. அதை முன்னும் பின்னும் வீசி விரிய விட்டால், நுனியில் இருக்கும் ஈ தண்ணியில் பூப்போல உட்காரும். உண்மையான பூச்சி விழுந்ததாக நினைச்சு மீன் கவ்வும். ஓடையில் இருக்கும் டிரவுட்டுக்குப் பூச்சிதான் முக்கியச் சாப்பாடு.

பழகுவதற்கு டிரவுட் வேணும்னு இல்லை. காலி மைதானம் போதும். முள்ளை உடைச்சு எடுத்துட்டு, ஒரு துண்டு கம்பளி நூலை நுனியில் கட்டிக்கொண்டு வீசுங்க. பின்னாடி போன நரம்பு முழுசா விரிஞ்ச பிறகுதான் முன்னாடி கொண்டுவரணும். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி சொடுக்கும், ஈ அறுந்து போயிடும். பின்னாடி ஆள் நிற்கக் கூடாது. காதில் முள் ஏறினால் ஆஸ்பத்திரிதான்! கண்ணாடி போட்டுக்கொள்வது கண்ணுக்கு நல்லது. 9 அடிக் கம்பு, 5-ம் நம்பர் நரம்பு என்று கேட்டு வாங்கினால் ஆரம்பத்துக்குச் சரியாக இருக்கும். கம்பு நம்பரும் நரம்பு நம்பரும் ஒண்ணா இருக்கணும், அதைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறாதீர்கள்.

கொஞ்சம் கை வந்த பிறகு ஏரியில் ஜிலேபிக்கும் கெண்டைக்கும் போட்டுப் பார்க்கலாம். அணை, ஏரி மீன் பல இடத்தில் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. சண்டை வராது.

இதில் நம்ம மலைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் பொய் ஈ கட்ட ஆசை ஆசையாய்த் தேடியது தென்னிந்தியக் காட்டுச்சேவலின் கழுத்து இறகு. மெழுகு தடவின மாதிரி மின்னும் புள்ளி அதில் இருக்கும். அந்த ஒரு இறகுக்காக எக்கச்சக்கமான சேவல்களைக் கொன்று கப்பல் ஏற்றினார்கள். இப்போ அது பாதுகாக்கப்பட்ட பறவை. இறகு கொடு, காசு தர்றேன் என்று யாராவது மலையில் கேட்டால் ஏமாந்து மாட்டிக்காதீங்க. வீட்டுச் சேவல் இறகே நல்லா வேலை செய்யும்.

ஊட்டிக்குப் போகலாமா?

பக்கம் என்று பார்த்தால் ஊட்டிதான். சேலம், கோவை, மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ்ஸிலேயே போயிடலாம். 2024 மே 7-ல் இருந்து சொந்த வண்டியில் ஊட்டி போக இ-பாஸ் கேட்கிறார்கள். அரசு பஸ்ஸில் போறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனா டிரவுட் இருக்கும் ஓடைகள் எல்லாம் காட்டுக்குள்ளே. அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் காப்புக்காடு, அதை ஒட்டி முக்குருத்தி தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் தூண்டில் போடுவதே வனச்சட்டப்படி குற்றம். இது கல்வராயன் காப்புக்காட்டுக்கும் பொருந்தும். ஊட்டியில் மீன்வளத்துறை, வனத்துறை ரெண்டு இடத்திலும் விசாரிச்சு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் விடுவார்கள் என்று தெரிஞ்ச பிறகுதான் பஸ் ஏறணும். ஊட்டியில் இறங்கி யாரோ சொன்னாங்க என்று காட்டுக்குள் போனால் கேஸ்தான்.

இன்னொரு சிக்கல், இது காட்டுத்தீ சீசன். 2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கிச் செத்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அதுக்கப்புறம் பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் காட்டுப் பாதைகளை மூடுவது வழக்கமாயிடுச்சு. வெளிநாட்டில் டிரவுட்காரங்க கிளம்புகிற நேரம், நம்ம காடு காய்ஞ்சு கிடக்கிற நேரம். மழைக்காலத்துக்குத் தள்ளிப்போடலாமா என்றால் அது இதைவிட மோசம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் ஓடைப் பக்கம் போகவே கூடாது.

மார்ச் 1-ல் திறக்கும் ஆறு

வடக்கே இமாச்சலப் பிரதேசத்தில் நிலைமை வேறே. அங்கே குலு மாவட்டத்தில் பியாஸ் ஆறு, தீர்த்தன் ஆறு எல்லாம் டிரவுட் ஆறுகள். நூறு வருஷத்துக்கு முன்னாடியே விட்டது. நவம்பர் 1-ல் இருந்து பிப்ரவரி கடைசி வரை ஆறு மூடல். அது மீன் முட்டை போடும் காலம். மார்ச் 1-ந்தேதி திறப்பார்கள். மீன்வளத்துறையிடம் காசு கட்டிச் சீட்டு வாங்கினால் யார் வேணும்னாலும் பிடிக்கலாம். எந்த இடம், எத்தனை மீன் என்ற கட்டுப்பாட்டைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

மார்ச், ஏப்ரல்தான் நல்ல நேரம். மே மாசத்தில் வெயில் ஏறி மேலே பனி உருகினால் ஆறு பொங்கி, கலங்கிப் போயிடும். கலங்கின தண்ணியில் மீனுக்கு ஈ தெரியாது. அப்புறம் ஜூலையில் மழை வந்துடும்.

தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நம்ம ஊர் ஏரியில் இறங்குற மாதிரி லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கினால் பத்து நிமிஷத்தில் கால் மரத்துப் போகும். மரத்த கால் பாசிப் பாறையில் நிற்காது. கரையில் நின்னு வீசுங்க. இறங்கியே ஆகணும் என்றால் முழங்காலுக்கு மேலே வேண்டாம். மேல் பக்கம் அணை இருந்தால், திடீர்னு தண்ணி திறப்பார்களா என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கோங்க.

செலவு? சென்னையில் இருந்து டெல்லிக்கு ரெண்டு ராத்திரி ரெயில். அங்கிருந்து குலு பக்கம் ஒரு ராத்திரி பஸ். திரும்பி வரவும் அதே. மூணு நாள் மீன் பிடிக்க பத்து நாள் லீவு வேணும். கட்டட வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, பத்து நாள் கூலி போச்சு. தனியா போறது தண்டச் செலவு. நாலு பேர் சேர்ந்து ரூமைப் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். சீட்டு மட்டும் ஆளுக்கு ஒண்ணு வாங்கணும்.

நம்ம மடுவில் என்ன நடக்குது?

இவ்வளவு தூரம் போய்ப் பிடிக்கும் ஆசையை விடுங்க. இங்கே மாசி, பங்குனியில் நம்ம ஓடைகளில் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். தண்ணி குறைஞ்சதும் மீன் எல்லாம் மடுவில் ஒதுங்கும். வேற போக்கிடம் கிடையாது. அங்கே போய் சில பேர் தோட்டா போடுகிறார்கள், சில பேர் மருந்து கலக்குகிறார்கள், இன்னும் சில பேர் கரண்ட் விடுகிறார்கள்! பெருசு, சிறுசு, குஞ்சு, முட்டை எல்லாம் ஒரே நிமிஷத்தில் காலி. எடுத்துக்கொண்டு போவது ஒரு கூடை, அழுகி மிதப்பது நாலு கூடை. அதே தண்ணியைத்தான் கீழே ஆடு, மாடு குடிக்குது.

தோட்டா போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் வருஷ மீன்வளச் சட்டமே தடுத்திருக்கு. கரண்ட் விடுவதில் போறது மீன் உயிர் மட்டும் இல்லை, விட்டவன் உயிரும் சேர்ந்து போகும்.

முதல் மழைக்குப் புதுத்தண்ணி வரும்போது ஏத்துமீன் பிடிப்பதும் இப்படித்தான். முட்டை போடத்தான் அது எதிர்த் தண்ணியில் ஏறுது. இமாச்சலில் அந்த நேரத்துக்கு நாலு மாசம் ஆறையே மூடுறாங்க. நாம வலையோட வழியில் நிற்கிறோம். மடுவில் தப்பிச்ச நாலு மீனும் ஏறி முட்டை போட்டால்தான் அடுத்த வருஷம் கோமுகிக்குக் கீழே தூண்டில் போடுறவனுக்கு ஏதாவது சிக்கும்.

டிக்கெட் கவனம்

இமாச்சல் போறதுன்னு முடிவு பண்ணிட்டவங்களுக்கு ஒரு தகவல். 2024 நவம்பர் 1-ல் இருந்து ரெயில் முன்பதிவு 60 நாளாகக் குறைஞ்சு போச்சு. இன்றைக்கு உட்கார்ந்தால் ஏப்ரல் நடு வரைக்கும் டெல்லி டிக்கெட் எடுக்கலாம். ஏப்ரல் முதல் ரெண்டு வாரம் சரியாக இருக்கும், மார்ச்சைவிடக் குளிரும் கொஞ்சம் குறைவு. போக, வர ரெண்டு டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்க. பள்ளிக்கூட லீவு நெருங்கினால் திரும்பி வர இடம் கிடைக்காது. கம்பை நாலு துண்டாகக் கழட்டுற மாதிரி வாங்கினால் மேல் பெர்த்தில் பையோட சேர்த்துப் படுக்க வெச்சிடலாம். முள் டப்பாவை மட்டும் பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்தில் வையுங்க.